கர்ப்பத்தில் பூஞ்சைத் தொற்று: மருந்தில்லாமல் சமாளிக்க முடியுமா?

பிப்ரவரி 3, ஒரு வாசகியின் கேள்வி

ஆறாம் மாதம் நடக்கிறது. சில நாட்களாகக் கீழே அரிப்பு தாங்க முடியவில்லை. கெட்டியாக, திரிதிரியாக வெள்ளைப்படுகிறது. பூஞ்சைத் தொற்றுதான், சந்தேகமே இல்லை. குழந்தை உள்ளே இருக்கும்போது க்ரீம், மாத்திரை என்று எதையும் வைக்க மனசு வரவில்லை. பூண்டு, தயிர், ஆப்பிள் சிடர் வினிகர் என்று நிறையப் படித்தேன். இயற்கையானது என்பதால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாதுதானே? எதில் தொடங்கலாம்?

பிப்ரவரி 3, இரவு

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன். இயற்கையானது என்பதால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல முடியாது. போரிக் அமிலம் வெந்நீர் ஊற்றுகளில் தானாகவே கிடைக்கிற பொருள்தான். கர்ப்பிணிகள் அதைத் தொடவே கூடாது. நான் எதைப் படித்தாலும் கேட்டுக்கொள்கிற கேள்வி ஒன்றுதான்: இந்தப் பொருளை, இந்த இடத்தில், கர்ப்பிணிகளிடம் முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்களா? சோதிக்கவில்லை என்றால் அது காட்டிலிருந்து வந்தாலும் சரி, கண்ணாடிக் குடுவையிலிருந்து வந்தாலும் சரி, எனக்கு வேண்டாம்.

அப்புறம், "சந்தேகமே இல்லை" என்கிறீர்கள். அங்கேதான் எனக்குச் சந்தேகம். பூஞ்சைதான் என்று தாங்களாகவே முடிவு கட்டி மருந்து வாங்கிய பெண்களைச் சோதித்த ஓர் ஆய்வு 2002-இல் வந்தது. அவர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்குத்தான் உண்மையில் வெறும் பூஞ்சைத் தொற்று இருந்தது. மற்றவர்களுக்கு வேறு தொற்று, அல்லது இரண்டும் கலந்து, அல்லது எதுவுமே இல்லை.

எனக்குக் கர்ப்பத்தில் ஒரு தடவை வந்து, போய், மறுபடி அரிப்பு தொடங்கியது. போன முறை எழுதிக்கொடுத்த க்ரீமே மீதம் இருந்தது. டாக்டர் விடவில்லை, மறுபடி மாதிரி எடுத்தார். அலுப்பாக இருந்தது. முடிவில் வந்தது பூஞ்சை இல்லை, பாக்டீரியா. அந்த க்ரீமை எத்தனை நாள் வைத்தாலும் போயிருக்காது.

பிப்ரவரி 4

ஏன் கர்ப்பத்தில் இது அதிகம் வருகிறது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஈஸ்ட்ரோஜன். அந்த ஹார்மோன் ஏறும்போது யோனியின் உட்சுவர் செல்களில் கிளைக்கோஜன் என்ற சர்க்கரைச் சேமிப்பு கூடுகிறது. இந்தத் தொற்றைத் தருகிற பூஞ்சை, கேண்டிடா என்ற ஈஸ்ட், அதற்கு அது சாப்பாடு. உட்சுவரில் ஈஸ்ட் ஒட்டிக்கொள்வதும் அப்போது எளிதாகிறது. எதிர்ப்புச் சக்தியும் கர்ப்பத்தில் கொஞ்சம் வேறு மாதிரி நடந்துகொள்கிறது.

இன்னொன்று. இந்த ஈஸ்ட் வெளியிலிருந்து படையெடுத்து வருவதில்லை. அறிகுறி எதுவும் இல்லாத பெண்களிலேயே 10 முதல் 20 சதவீதம் பேரிடம் அது சும்மா இருக்கிறது. கர்ப்பிணிகளிடம் இந்தப் பங்கு இன்னும் கூடுதல். இருப்பது வேறு, தொல்லை தருவது வேறு. அரிப்போ எரிச்சலோ இல்லாமல் பரிசோதனைத் தாளில் மட்டும் கேண்டிடா என்று வந்தால் பொதுவாக வைத்தியமே தேவைப்படாது.

பிப்ரவரி 4, மாலை

"அப்படியானால் என் சுத்தக் குறைவால் வந்ததில்லையா?" இல்லை. நான்கில் மூன்று பெண்களுக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வருகிறது. அத்தனை பேரும் குளிக்காதவர்களா?

சொல்லப்போனால் அதிகமாகக் கழுவுகிறவர்களுக்குத்தான் பிரச்சினை. சோப்பு, வாசனைத் திரவம், "அந்தரங்க வாஷ்" என்று பூப்படம் போட்டு விற்கிற எல்லாமே அந்த இடத்தைக் காய்ந்துபோகச் செய்கின்றன. வெளிப்புறத்துக்கு வெறும் தண்ணீர் போதும். உட்புறம் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும், அதற்கு நம் உதவி வேண்டாம்.

பிப்ரவரி 6

எது பூஞ்சை, எது இல்லை என்று எழுதச் சொன்னார்கள். எழுதுகிறேன், ஆனால் இதை வைத்துக்கொண்டு வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லாதீர்கள். டாக்டரிடம் விவரம் சொல்ல உதவும், அவ்வளவுதான்.

கர்ப்பத்தில் வெள்ளைப்படுவது இயல்பாகவே கூடும். நீர்த்து, பால் நிறத்தில், லேசான வாசனையோடு, அரிப்பில்லாமல் இருந்தால் அது தொற்றே இல்லை. பூஞ்சை என்றால் முக்கியமான அடையாளம் அரிப்பு. வெளிப்புறம் சிவந்து வீங்கும், சிறுநீர் படும்போது எரியும், வெள்ளை கெட்டியாகத் திரிந்து வரும், வாடை பெரிதாக இருக்காது. சாம்பல் கலந்த நீர்த்த திரவம், மீன் வாடை என்றால் பாக்டீரியாவால் வரும் யோனித் தொற்றாக இருக்கலாம். மஞ்சளோ பச்சையோ கலந்து நுரைத்து வந்தால் ட்ரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். அது உடலுறவு வழியாக வருவது, துணைக்கும் சேர்த்து வைத்தியம் பார்க்க வேண்டும்.

இவ்வளவு விவரம் எதற்கு என்றால், கடைசி இரண்டும் குறைப்பிரசவத்தோடு தொடர்புள்ளவை. பூஞ்சை என்று நினைத்துக்கொண்டு தயிர் தடவிக் காத்திருக்கிற நாட்கள் அங்கேதான் வீணாகின்றன.

சோதனை ஒன்றும் பயப்படுகிற விஷயம் இல்லை. பஞ்சு சுற்றிய குச்சியில் மாதிரி எடுப்பார்கள். ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலைவிட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நம் செல்கள் கரைந்துபோகும், பூஞ்சையின் இழைகள் மட்டும் கரையாமல் நிற்கும். அமிலத்தன்மையையும் ஒரு தாளில் பார்ப்பார்கள்.

பிப்ரவரி 6, சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது: தண்ணீர் மாதிரி நிற்காமல் கசிந்தால் அது வெள்ளைப்படுதல் இல்லாமல் பனிக்குட நீராக இருக்கலாம். இரத்தம், காய்ச்சல், அடிவயிற்று வலி, விட்டுவிட்டு வயிறு இறுகுவது ஆகியவையும் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள். இதில் எது இருந்தாலும் இங்கே எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், உடனே கிளம்புங்கள்.

பிப்ரவரி 7

பூண்டு. வந்துவிட்டது, வராமல் இருக்குமா.

பூண்டில் அல்லிசின் என்ற பொருள் இருக்கிறது, ஆய்வுக்கூடத் தட்டில் கேண்டிடாவை அது அடக்குகிறது. அதுவரை உண்மை. ஆனால் தட்டில் ஈஸ்டை அடக்குகிற பொருட்களின் பட்டியல் மிக நீளம். ப்ளீச்சிங் திரவமும் அடக்கும். நசுக்கிய பூண்டைத் தோலில் கட்டிவைத்து வெந்துபோன கதைகள் மருத்துவ இதழ்களில் இருக்கின்றன. கைத் தோலே வேகும்போது, ஏற்கெனவே அழன்று சிவந்திருக்கிற மெல்லிய சவ்வு என்ன பாடுபடும்?

"நான் நசுக்க மாட்டேன், தோலுரித்து முழுசாக நூல் கட்டி வைப்பேன்" என்கிறார் ஒருவர். முழுப் பல்லில் அல்லிசின் கிட்டத்தட்ட உருவாகவே உருவாகாது, செல் உடைந்தால்தான் அது பிறக்கும். நசுக்காவிட்டால் பலன் இல்லை, நசுக்கினால் புண். எப்படிப் போனாலும் நூல்தான் மிச்சம்.

பூண்டை மாத்திரையாக விழுங்கச் செய்து ஆஸ்திரேலியாவில் ஒரு சோதனை நடந்தது. யோனியில் கேண்டிடாவின் எண்ணிக்கை குறிப்பிடும்படி குறையவில்லை. சாப்பாட்டில் பூண்டு பிடிக்குமென்றால் சாப்பிடுங்கள், அது வேறு.

பிப்ரவரி 9

ஆப்பிள் சிடர் வினிகர் பற்றி நீளமாகவே சொல்ல வேண்டும். இதன் பின்னால் உள்ள வாதம் கேட்பதற்கு அறிவியல் மாதிரியே இருக்கும்: "அங்கே அமிலம் குறைந்துவிட்டது, அதனால் பூஞ்சை வளர்கிறது, அமிலம் ஊற்றினால் சரியாகும்."

முதல் வரியே தப்பு. அமிலத்தன்மையை அளக்கிற எண் பிஎச், எண் குறையக் குறைய அமிலம் கூடுதல். ஆரோக்கியமான யோனியின் பிஎச் சுமார் 3.8 முதல் 4.5 வரை. பூஞ்சைத் தொற்று வரும்போதும் அது பெரும்பாலும் அதே அளவில்தான் இருக்கும். பிஎச் 4.5-க்கு மேல் போவது பாக்டீரியாத் தொற்றிலும் ட்ரைக்கோமோனாஸிலும். டாக்டர் தாளில் அமிலத்தன்மையைப் பார்ப்பதே இந்த வித்தியாசத்துக்காகத்தான். கேண்டிடாவுக்கு அமிலம் பழக்கப்பட்ட இடம். அதில் இன்னும் கொஞ்சம் அமிலம் ஊற்றினால் அதற்கு ஒன்றும் ஆகாது, கத்தப்போவது நீங்கள்தான்.

இதைவிட முக்கியம், எதையும் பீய்ச்சி உள்ளே கழுவாதீர்கள். வினிகர் மட்டுமில்லை, வெறும் தண்ணீரும் வேண்டாம். அங்கே இருக்கிற நல்ல கிருமிகள் அடித்துக்கொண்டு போகும். கர்ப்பத்தில் அழுத்தத்தோடு நீரோ காற்றோ உள்ளே போனால், காற்றுக்குமிழி இரத்தக்குழாயில் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது.

பிப்ரவரி 10

டீ ட்ரீ எண்ணெய்: கர்ப்பிணிகளின் யோனிக்கு நம்பகமான சோதனை இல்லை, ஒவ்வாமை சகஜம். வேண்டாம்.

போரிக் அமிலக் குளிகை: கர்ப்பமில்லாதவர்களுக்கு, அசோல் என்ற வழக்கமான பூஞ்சை மருந்து வகைக்கு மசியாத ஈஸ்ட் வகைகளில் டாக்டர்கள் எழுதுவதுண்டு. யாரோ அதை வைத்துக் குணமானதாக எழுதியிருந்தால் அவர் கர்ப்பமாக இருந்திருக்க மாட்டார். வாயில் போனால் விஷம், கர்ப்பத்தில் எந்த வழியிலும் கூடாது. வீட்டில் குழந்தை இருந்தால் அலமாரியில்கூட வைக்காதீர்கள்.

பிப்ரவரி 13

தயிர். இதற்குத்தான் ஆசையோடு காத்திருந்தேன், ஏனென்றால் இதில் மட்டும் கொஞ்சம் சரக்கு இருக்கிறது.

முதலில் சாப்பிடுவது. 1992-இல் ஒரு சிறிய ஆய்வு வந்தது. அடிக்கடி பூஞ்சைத் தொற்று வரும் பெண்கள் ஆறு மாதம் தினமும் லாக்டோபாசிலஸ் அசிடோபிலஸ் என்ற நல்ல பாக்டீரியா உள்ள தயிர் சாப்பிட வேண்டும், அப்புறம் ஆறு மாதம் தயிர் இல்லாமல் இருக்க வேண்டும், சிலருக்கு இது முன்பின்னாக. தயிர் மாதங்களில் தொற்று சுமார் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், முதலில் தயிர் சாப்பிட்டவர்களில் எட்டுப் பேர், "இது எங்களுக்கு ஒத்துக்கொண்டுவிட்டது, தயிரை நிறுத்த மாட்டோம்" என்று சொல்லி அடுத்த கட்டத்துக்கு வரவே மறுத்துவிட்டார்கள். ஆய்வு முழுக்க முடித்தவர்கள் பதின்மூன்று பேர்தான். தயிருக்கு இதைவிட நல்ல விளம்பரமும் இல்லை, ஓர் ஆய்வுக்கு இதைவிடக் கெட்ட முடிவும் இல்லை.

2004-இல் ஆஸ்திரேலியாவில் வேறொரு சோதனை. ஆன்டிபயாடிக் சாப்பிடுகிற பெண்களுக்கு வாய் வழியாகவும் யோனி வழியாகவும் லாக்டோபாசிலஸ் கொடுத்துப் பார்த்தார்கள். அதற்குப் பின் வரும் பூஞ்சைத் தொற்றை அது தடுக்கவில்லை.

ஏன் இந்தக் குழப்பம்? யோனியில் காவல் இருக்கிற முக்கியமான இனம் லாக்டோபாசிலஸ் கிரிஸ்பேட்டஸ். பாலைத் தயிராக்குவதற்கு வழக்கமாகச் சேர்ப்பது லாக்டோபாசிலஸ் பல்காரிக்கஸும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோபிலஸும். குடும்பப் பெயர் ஒன்றாக இருக்கிறது என்பதற்காக எல்லாரும் ஒரே வேலை பார்ப்பார்களா?

என் கணக்கு இதுதான்: சர்க்கரை போடாத தயிர் சாப்பிடுங்கள், பாலை முறையாகக் காய்ச்சியதாக இருந்தால் போதும். புரதம், கால்சியம் எல்லாம் கிடைக்கும், தொற்றுக்கு உதவினால் லாபம். ஆனால் இப்போது அரிக்கிற அரிப்புக்கு அதை மருந்தாக நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

பிப்ரவரி 14

உள்ளே வைக்கிற தயிரைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். சரி.

2012-இல் எகிப்தில் கர்ப்பிணிகளை வைத்தே ஓர் ஆய்வு வந்தது. தேனும் தயிரும் கலந்து யோனியில் வைத்தது ஒரு குழு, டியோகோனசோல் என்ற பூஞ்சை மருந்து வைத்தது மற்றொரு குழு. அரிப்பும் மற்ற தொல்லைகளும் தணிந்தது தேன்-தயிர்க் குழுவில் 88 சதவீதம் பேருக்கு, மருந்துக் குழுவில் 72 சதவீதம் பேருக்கு. இதை மட்டும் எடுத்துக்கொண்டுதான் எல்லாரும் சுற்றுகிறார்கள். அடுத்த வரியையும் படிக்க வேண்டும்: பூஞ்சையே இல்லாமல் போனது தேன்-தயிரில் 77 சதவீதம், மருந்தில் 91 சதவீதம்.

அதாவது இதம் தருவதில் தேன்-தயிர் முன்னால், கிருமியை விரட்டுவதில் மருந்து முன்னால். குளிர்ச்சியான, வழவழப்பான எதையும் தடவினால் அழற்சி கொஞ்சம் அடங்கத்தான் செய்யும்.

பிப்ரவரி 14, இரவு

மேலே எழுதியதை மறுபடி படித்தால், தேன்-தயிரை நான் ஒரேயடியாகத் தள்ளிவிட்ட மாதிரி இருக்கிறது. அப்படித் தள்ள வேண்டியதில்லை. கர்ப்பிணிகளிடமே பார்த்த ஒரே இயற்கை வழி என்றுகூட அதைச் சொல்லலாம் என்று எழுத வந்தேன், "ஒரே" என்பது என் கைக்கு மீறிய சொல், விட்டுவிடுகிறேன். என் தயக்கம் வேறு இடத்தில். ஆய்வில் வைத்தது அளந்து தயாரித்த கலவை. நாம் வைக்கப்போவது நேற்று கரண்டி போட்ட பாத்திரத்தில் இருப்பதை. அதில் வேறு எந்தக் கிருமி, எவ்வளவு சர்க்கரை, என்ன வாசனைப்பொருள் என்று யாருக்குத் தெரியும்? ஆசைப்பட்டால் டாக்டரிடம் கேட்டுவிட்டு வெளிப்புறத்தில் மட்டும், எதுவும் சேர்க்காத தயிரைக் குளிர்ச்சிக்குத் தடவி, சற்று நேரத்தில் கழுவிவிடுங்கள். உள்ளே வேண்டாம்.

பிப்ரவரி 17

"சர்க்கரையை அடியோடு நிறுத்தினால் பூஞ்சை பட்டினியில் செத்துவிடும்." சாகாது. அதன் சாப்பாடு உங்கள் தட்டிலிருந்து நேராகப் போவதில்லை. இனிப்பைக் குறைப்பது நல்லது, ஆனால் பழம், தானியம், பால் என்று வரிசையாக வெட்டுகிற "கேண்டிடா உணவுமுறை" கர்ப்பத்தில் வேண்டவே வேண்டாம், குழந்தைக்கும் சாப்பாடு வேண்டும்.

இரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் கதை வேறு. அப்போது தொற்று விடாமல் வரும். கர்ப்பகால நீரிழிவுக்கான சோதனையை வழக்கமாக 24 முதல் 28 வாரத்துக்குள் செய்வார்கள். கேள்வி கேட்டவர் ஆறாம் மாதம் என்கிறார், ஏறக்குறைய அதே சமயம். இன்னும் பார்க்கவில்லை என்றால் இந்த அரிப்பையும் சொல்லிப் பார்த்துவிடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் வந்ததும் தொற்றின் வரத்து குறைவது பலருக்கு நடப்பதுதான்.

பிப்ரவரி 20

வேண்டாம் வேண்டாம் என்றே எழுதிக்கொண்டிருக்கிறேனாம். சரி, எனக்கு உதவியதைச் சொல்கிறேன். எதுவும் பூஞ்சையைக் கொல்லாது, ஆனால் ராத்திரி தூங்கவிடும்.

சுத்தமான பருத்தித் துணியைக் குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்து வெளிப்புறத்தில் வைப்பது. ஐஸை நேராக வைக்காதீர்கள். வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் சிறிது நேரம் உட்கார்வது, அப்புறம் தேய்க்காமல் ஒற்றித் துடைப்பது. சூடான நீர் அரிப்பைக் கிளப்பிவிடும். தளர்வான பருத்தி உள்ளாடை, தூங்கும்போது அதுவும் இல்லாமல். வியர்வை ஊறிய துணியையும் ஈர நீச்சல் உடையையும் உடனே மாற்றுவது. பேன்ட்டி லைனர் எந்நேரமும் வைத்திருந்தேன், அதை நிறுத்தியதில்தான் பெரிய வித்தியாசம் தெரிந்தது, காற்றே போகாமல் அங்கே ஒரு பசுமைக்குடில் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். முன்னாலிருந்து பின்னாகத் துடைப்பது எல்லாருக்கும் தெரியும், வயிறு பெரிதானபின் கை எட்டுகிறதா என்பதுதான் கேள்வி.

சிறுநீர் எரிந்தால் போகும்போதே வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றிக்கொண்டே போங்கள். அதைச் சொல்லிக்கொடுத்த நர்சை இன்னும் நினைத்துக்கொள்கிறேன். ஆனால் எரிச்சல் வெளியே தோலில் இல்லாமல் உள்ளே, அடிக்கடி சிறுநீர் வருகிற உணர்வோடு இருந்தால், சிறுநீர்ப் பாதைத் தொற்றா என்று பார்க்க வேண்டும். கர்ப்பத்தில் அதைத் தள்ளிப்போடக் கூடாது.

தேங்காய் எண்ணெய் வெளித்தோலின் வறட்சிக்குத் தடவலாம். உள்ளே வேண்டாம், ஆணுறையோடும் வேண்டாம், லேட்டக்ஸ் பலவீனமாகிக் கிழியும்.

பிப்ரவரி 22

இப்போது க்ரீமுக்கு வருகிறேன். முதல் கேள்வியில் "மனசு வரவில்லை" என்று இருந்ததே, அது எனக்கும் இருந்தது. வயிற்றைத் தொட்டுக்கொண்டே பெட்டிக்குள் இருந்த துண்டுச்சீட்டை முழுக்கப் படித்தேன், தலைவலிதான் வந்தது. அப்புறம் டாக்டர் சொன்னது இது: க்ளோட்ரிமசோலை யோனியில் வைத்தால் இரத்தத்துக்குப் போவது 3 முதல் 10 சதவீதம்தான். பல பத்தாண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுத்து வருகிறார்கள், பிறவிக் குறைபாடு கூடியதாகத் தெரியவில்லை. க்ளோட்ரிமசோல், மைக்கோனசோல் போன்ற அசோல் வகை, உள்ளே வைப்பது மட்டும், ஏழு நாள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டுதலும் கர்ப்பிணிகளுக்கு இதைத்தான் சொல்கிறது.

ஏன் ஏழு நாள்? முன்பு நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற அமைப்பின் மதிப்பாய்வில், கர்ப்பிணிகளுக்கு நான்கு நாள் வைத்தியத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் குணமானது, ஏழு நாளில் 90 சதவீதத்துக்கு மேல். மற்றவர்களுக்குப் போதுமான ஒரு நாள், மூன்று நாள் மருந்து கர்ப்பத்தில் பற்றாமல் போவது இதனால்தான்.

வாயில் போடுகிற ஒற்றை மாத்திரை, ஃப்ளூகோனசோல், அது வேறு. "ஒரே மாத்திரை, வேலை முடிந்தது" என்று யாராவது கொடுத்தால் வாங்காதீர்கள். முதல் மூன்று மாதத்தில் அதிக அளவில், தினமும் 400 முதல் 800 மில்லிகிராம், நீண்ட நாள் எடுத்தவர்களின் குழந்தைகளில் குறைபாடுகள் கண்டதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் எச்சரித்தது. 2016-இல் டென்மார்க் ஆய்வு ஒன்று, குறைந்த அளவில் எடுத்தவர்களிடமும் கருச்சிதைவு கூடுதலாக இருப்பதைக் காட்டியது. கர்ப்பம் என்று தெரியுமுன் ஒன்று விழுங்கிவிட்டவர்கள் பதற வேண்டாம், டாக்டரிடம் சொன்னால் போதும்.

பிப்ரவரி 23

இயற்கையா செயற்கையா என்று இங்கே நடக்கிற சண்டைக்கு ஒரு குறுக்குக் கதை. நிஸ்டாட்டின் என்று ஒரு பூஞ்சை மருந்து. எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகள் 1950-இல் அறிவித்தார்கள். ஹேசன் நியூயார்க் நகரில், பிரவுன் ஆல்பனியில். மண் மாதிரிகளும் அதில் வளர்ந்த கிருமிகளும் இருவருக்கும் இடையே தபாலில் போய்வந்தன. கடைசியில் மருந்து கிடைத்தது ஹேசனின் நண்பர்களான நோர்ஸ் என்ற குடும்பத்தின் பண்ணை மண்ணிலிருந்து. அந்த மண்ணிலிருந்த பாக்டீரியாவுக்கு அவர்கள் பெயரே வைத்தார்கள், ஸ்ட்ரெப்டோமைசிஸ் நோர்சி. 1966-இல் ஃப்ளோரன்ஸ் வெள்ளத்தில் நனைந்து பூசணம் பிடித்த ஓவியங்களைக் காப்பாற்றவும் இதே நிஸ்டாட்டினைப் பயன்படுத்தினார்கள்.

பண்ணை மண், நுண்ணுயிர், இதைவிட இயற்கை என்ன வேண்டும்? ஆனால் கர்ப்பிணிகளின் பூஞ்சைத் தொற்றில் ஆய்வுக்கூடத்தில் பிறந்த அசோல் க்ரீம்தான் அதைவிட நன்றாக வேலை செய்கிறது.

பிப்ரவரி 25

அப்ளிகேட்டர், அதாவது க்ரீமை உள்ளே வைக்கிற குழாய், அதைப் பற்றிப் பலர் தனியாகக் கேட்கிறார்கள், வெட்கத்தோடு. மெதுவாக, அழுத்தாமல், கொஞ்சம் தூரம் போனால் போதும், தடை தெரிந்தால் நிறுத்துங்கள். குளிகையாக இருந்தால் கையை நன்றாகக் கழுவி விரலாலேயே வைக்கச் சொல்கிற டாக்டர்களும் உண்டு, பிந்தைய மாதங்களில் எனக்கு அதுதான் வசதி. படுக்கப்போகும் முன் வையுங்கள், காலையில் கொஞ்சம் வழியத்தான் செய்யும், மருந்து வீணாகிவிட்டது என்று அர்த்தமில்லை. பனிக்குடம் உடைந்திருந்தாலோ இரத்தம் பட்டாலோ எதுவும் வைக்காமல் முதலில் கேளுங்கள். பெரும்பாலான க்ரீம்களில் எண்ணெய் அடிப்படை இருப்பதால் ஆணுறை விஷயம் இங்கேயும் பொருந்தும். அந்த நாட்களில் உடலுறவை ஒத்திப்போடுவது நல்லது. அரிப்போடு யாருக்குத் தோன்றுகிறது என்பது வேறு.

மார்ச் 1

"மூன்றாம் நாளே அரிப்பு போய்விட்டது, மீதியை அடுத்த முறைக்கு எடுத்து வைத்திருக்கிறேன்." எடுத்து வைக்காதீர்கள். அரிப்பு முதலில் போகும், பூஞ்சை பின்னால்தான் போகும். பிப்ரவரி 14-இல் எழுதிய தேன்-தயிர்க் கணக்கும் இதைத்தான் காட்டுகிறது. ஏழு நாளும் வையுங்கள்.

முதல் நாள் வைத்ததும் எரிச்சல் கொஞ்சம் கூடலாம், ஏற்கெனவே புண்ணான தோல். தாங்க முடியாமல் எரிந்தாலோ வீங்கினாலோ நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

மார்ச் 3

குழந்தைக்கு என்ன ஆகும்? வயிற்றில் இருக்கும்போது சாதாரணப் பூஞ்சைத் தொற்று பொதுவாக ஒன்றும் செய்வதில்லை. பிரசவத்தின்போது குழந்தையின் வாய்க்குப் போய், நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளைத் திட்டுகளாகத் தெரியலாம். பால் படிந்தது துடைத்தால் போய்விடும், இது போகாது. குழந்தை மருத்துவர் எளிதாகக் குணப்படுத்திவிடுவார். இதற்காக யாரும் சிசேரியன் செய்வதில்லை.

கணவருக்கும் மருந்து வேண்டுமா? அவருக்கு அரிப்போ சிவப்போ இல்லை என்றால் வேண்டாம். இது பாலியல் நோய்க் கணக்கில் வராது. வீட்டில் விசாரணைக் கமிஷன் வைக்காதீர்கள்.

மார்ச் 8

திரும்பத் திரும்ப வருகிறவர்களுக்கு. ஒரு வருடத்தில் மூன்று, நான்கு தடவை வந்தால் மாதிரியை வளர்த்துப் பார்த்து எந்த வகை ஈஸ்ட் என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் கேண்டிடா அல்பிகன்ஸ்தான், ஆனால் கிளப்ராட்டா போன்ற வகைகளுக்கு வழக்கமான அசோல் சரியாகப் பிடிக்காது. சர்க்கரையைப் பாருங்கள். சமீபத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தீர்களா என்று யோசியுங்கள், அது நல்ல கிருமிகளையும் சேர்த்து அழிப்பதால் ஈஸ்டுக்கு இடம் கிடைக்கிறது. அதற்காகத் தேவையான ஆன்டிபயாடிக்கைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுத்ததை நிறுத்தினால் சிறுநீரகம் வரை போகும், அதற்கு முன்னால் இந்த அரிப்பு ஒன்றுமே இல்லை.

நான் மேலே பட்டியலிட்ட பருத்தி, காற்று, வெறும் தண்ணீர் எல்லாம் அதிகம் பயன்படுவது இங்கேதான், வந்தபிறகு இல்லை, போனபிறகு.

மார்ச் 12

பிரசவம் முடிந்த ஒருவர்: பால் கொடுக்கும்போது காம்பு வலிக்கிறது, பூஞ்சை மார்புக்கும் பரவிவிட்டதா? இருக்கலாம், ஆனால் முதல் வாரங்களில் காம்பு வலிக்குப் பெரும்பாலும் காரணம் குழந்தை சரியாகக் கவ்வாததுதான். பால் கொடுப்பதை நேரில் பார்க்கத் தெரிந்த நர்சையோ தாய்ப்பால் ஆலோசகரையோ முதலில் கூப்பிடுங்கள். குழந்தையின் வாயில் வெள்ளைத் திட்டும் இருந்து, காம்பு பளபளவென்று சிவந்து எரிந்தால், அம்மாவுக்கும் குழந்தைக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் பார்க்க வேண்டும். இல்லையென்றால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறிமாறிப் போய்க்கொண்டிருக்கும். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.